கேரவன் முன்னே, பழைய ஜீப் பின்னே: கட்டி இழுப்பதா, ஏற்றிப் போவதா, ஓட்டிப் போவதா?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கடலூரிலிருந்து சொகுசாக வந்த கேரவனை அடிவாரத்தில் நிறுத்திவிடுவதுதான் நல்லது. அவ்வளவு நீளமான வண்டியை அந்த வளைவுகளில் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினால் நமக்கும் அவஸ்தை, எதிரே இறங்கும் பஸ்ஸுக்கும் அவஸ்தை. மேலே சுற்றிப் பார்க்கச் சின்னதாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். வீட்டில் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்போ மாருதி ஜிப்சியோ நின்றால் கேட்கவே வேண்டாம், மனசு அதைத்தான் தேடும். கேரவன் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போய்விட்டால் என்ன?

இந்த யோசனை பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் வழியாகத்தான் நம் ஊருக்கு வருகிறது. அங்கே பெரிய கேரவனின் பின்னால், நாலு சக்கரமும் ரோட்டில் உருள, ஆளே இல்லாமல் ஒரு ஜீப் வருவது சாதாரணக் காட்சி. பார்த்துவிட்டு வந்தவர்கள், "ஒரு கொக்கி வெல்டிங் பண்ணா முடிஞ்சது மச்சான்" என்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப் நல்ல நிலையில் இருந்தால் இன்னொருவர் அதை ஓட்டி வரட்டும். ஓட்ட முடியாத நிலை என்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். நாலு சக்கரமும் உருளக் கட்டி இழுப்பதை, வண்டி வழியில் பழுதாகும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணத்தைவிடப் பெரியது ரோட்டில் வரும் மற்றவர்களின் உயிர்.

கட்டி இழுப்பது: வண்டிக்குள் என்ன நடக்கிறது

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை இழுக்கலாம் என்று சொல்வதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அவற்றில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், ஓட்டத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஜிப்சியின் சின்ன லீவரைப் பார்த்தால் 2எச், 4எச், என், 4எல் என்று இருக்கும். அந்த 'என்'னில், அதாவது நியூட்ரலில், போட்டுவிட்டால் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். சக்கரம் உருளும், கியர் பாக்ஸ் சும்மா இருக்கும்.

அந்த நியூட்ரல் இல்லாமல் வெறும் கியரை மட்டும் நியூட்ரலில் போட்டு இழுத்தால் என்ன ஆகும்? பின் சக்கரம் சுழல, அதை இணைக்கும் நீளமான தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழல, கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சேர்ந்து சுழலும். எஞ்சின் ஓடாததால் அடியில் எண்ணெயில் மூழ்கியிருக்கும் கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது. எண்ணெயை மேலே வாரி இறைப்பது அந்தக் கவுண்டர் ஷாஃப்ட்தான். அது சும்மா இருக்க, மேலே உள்ள பேரிங்கும் புஷ்ஷும் வறண்டு ஓடும். நாலு தெரு தள்ளியிருக்கும் பட்டறை வரை தாங்கும். இருநூறு கிலோமீட்டர் தாங்காது.

ஜீப் ராங்லரின் கையேடு இதற்காகவே ஒரு வரிசையைச் சொல்கிறது: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்க வேண்டும். கியர் பாக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றால் 'பார்க்'கில், மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் கியர் பாக்ஸ் தப்பித் தவறியும் சுழலாது. இந்தக் கையேடு அந்த வண்டிக்கானது. அமெரிக்காவின் பழைய வில்லிஸ் ஜீப் வழி வந்த நம் மஹிந்திரா ஜீப்புக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஜீப்புக்கு இதைவிட உறுதியான வழி, பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொள்வது. நட்டு போல்ட்டுதான், ஜாக்கும் ஸ்பேனரும் இருந்தால் பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலையே இல்லை. முன் பக்கம் ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் திருகு) இருந்தால் 'ஃப்ரீ'யில் திருப்பிவிட வேண்டும். சுவிட்சைத் திருப்பி ஃபோர் வீல் போடும் வண்டிகள் சிலவற்றில் நியூட்ரலே கிடையாது. அவற்றைத் தரையில் உருட்டி இழுக்கும் பேச்சே எடுக்கக் கூடாது.

ஷாஃப்டைக் கழற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கும். ஷாஃப்டைக் கழற்றிய கையோடு ஹேண்ட் பிரேக்கும் போயிற்று. லீவரை எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் நிற்காது. சரிவில் கொக்கியை விடுவிக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடாமல் கீழே குனிபவர் மீது வண்டி ஏறிவிடும். கட்டை போட்டுவிட்டுத்தான் கொக்கியில் கை வைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், பின்னால் எடுக்க முடியாது என்பது. முன்னே இழுக்கும்போது ஜீப்பின் முன் சக்கரங்கள் தாமாகவே இழுக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். ரிவர்ஸில் அவை ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டு நிற்கும். மேலும் தள்ளினால் முன் சக்கரங்களை இணைக்கும் டை ராடும், இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பாரும் வளையும். நெல்லிக்குப்பம் ரோட்டில் தவறான சந்தில் நுழைந்துவிட்டால் நடுத்தெருவில் ஜீப்பைக் கழற்றி, ஒருவர் ஏறி ஸ்டார்ட் செய்து, வெளியே எடுத்து, மறுபடியும் மாட்ட வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி வைத்திருந்தால் அதுவும் முடியாது, ஆள் சேர்த்துத் தள்ளத்தான் வேண்டும்.

சட்டம் இதை முடித்து வைத்துவிடுகிறது

இயந்திரம் இடம் கொடுத்தாலும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பழுதான வண்டி, முழுசாகப் பூட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார், இவற்றைத் தவிர வேறு எதையும் இன்னொரு மோட்டார் வாகனம் இழுக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் தெளிவாகச் சொல்லின. பழுதான வண்டியைக்கூட அருகில் உள்ள பட்டறைக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ கொண்டுபோகத்தான் இழுக்கலாம். இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது ஸ்டியரிங்கால் திரும்பும் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதிகளில் இருந்த வரம்பு. 2017-இல் அந்த விதிகளின் இடத்துக்கு வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இழுவையைப் பழுதான வண்டிக்கான ஏற்பாடாகவே பார்க்கின்றன.

ஆக, ஓடுகிற ஜீப்பை, ஆளில்லாமல், சுற்றுலாவுக்காக இழுத்துப் போவது நம் ரோட்டில் விதிமீறல். அமெரிக்காவில் அது அன்றாட வழக்கமாக இருக்கலாம். அங்கேயும் பல மாநிலங்களில், இழுக்கப்படும் வண்டி குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் ஏற்பாடு கட்டாயம். இங்கே ஒரு கொக்கியை மட்டும் வெல்டிங் வைத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிறவர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

பிரேக் விஷயம் விளையாட்டல்ல. 4 டன் கேரவன் பின்னால் 1 டன் ஜீப்பைக் கட்டினால், கேரவன் பிரேக் நிறுத்த வேண்டிய எடை கால் பங்கு கூடுகிறது. ஜிப்சி ஏறக்குறைய ஒரு டன், டீசல் ஜீப் அதைவிடக் கனம். சமவெளியில் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். உளுந்தூர்பேட்டை தாண்டி நாலு வழிச் சாலையில் குறுக்கே ஒரு டூ வீலர் வந்தால்தான் அந்தக் கால் பங்கின் கனம் தெரியும். பின்னால் தள்ளும் ஜீப்புக்கு நாம் பிரேக் போட்டது தெரியாது.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் கரையோர வண்டிகளுக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. டோ பார் எங்கே பூட்டப்படும்? முன் பம்பருக்குப் பின்னால், சேசிஸின் நுனியில். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடல் காற்றில் வருஷக்கணக்கில் நின்ற ஜீப்பில் முதலில் அரிக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. மேலே புது பெயின்ட் பளபளக்கும். பம்பர் பிராக்கெட்டுக்கு அருகே சின்ன சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'கணீர்' என்று பதில் சொல்லும். அரித்த இடத்தில் சத்தம் மழுங்கிப் போகும், பெயின்ட்டுக்கு அடியிலிருந்து துரு செதில் செதிலாக உதிரும். ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கினாலும் இறங்கும். அந்த இரும்பில் வெல்டிங் வைத்த கொக்கிதான் ஒரு டன்னைத் தாங்கப் போகிறது என்றால் நான் பின்னால் வரும் வண்டியில் இருக்க மாட்டேன். முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றே: "மொதல்ல சேசிஸைப் பாப்போம் சார், கொக்கியை அப்புறம் பாப்போம்."

வெள்ளம் பார்த்த வண்டி என்றால் இன்னும் ஒரு படி மேலே. 2015 நவம்பர் மழையிலும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து தென்பெண்ணை பெருகியபோதும் எத்தனையோ வண்டிகள் அச்சு மூழ்க நின்றன. தண்ணீர் இறங்கியதும் எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள். அச்சுக்குள் இருக்கும் கிரவுன் ஆயிலையும் ஹப் கிரீஸையும் பலர் மறந்துவிடுவார்கள். அச்சின் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. இழுத்தாலும் ஓட்டினாலும் அந்த அச்சு சுழலத்தான் போகிறது, ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை முதலில் சரி செய்யுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி இழுப்பதும் டிரெய்லரும்

இந்த இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முன் சக்கரங்களை மட்டும் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சின்ன இழுவை மேடையில் ஏற்றி இழுப்பது முன் சக்கர டிரைவ் காருக்குப் பொருந்தும். ஜீப்பில் பின் அச்சு தரையில் உருளும் என்பதால் ஷாஃப்ட் தலைவலி அப்படியே இருக்கிறது. தவறுதலாக ஃபோர் வீலில் விட்டுவிட்டுத் தூக்கினால் நிற்கும் முன் சக்கரமும் சுழலும் பின் சக்கரமும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சண்டை போட்டு அதை உடைத்துவிடும்.

நாலு சக்கரமும் ஏறும் டிரெய்லர் இயந்திரத்துக்கு நல்லது. ஆனால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். கேரவனில் கொக்கி பொருத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்.சி.யில் உள்ள அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. ஜீப் எடையோடு டிரெய்லர் எடையும் சேர்ந்துகொள்ளும். அடிவாரத்தில் அதை எங்கே நிறுத்துவது என்பது வேறு. வருஷத்துக்கு ஒரு முறை போகிறவர்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையே இல்லை.

ரெக்கவரி வண்டியில் ஏற்றுவது

தட்டையான மேடை உள்ள ரெக்கவரி வண்டி, ஜீப்பின் உடம்புக்கு எல்லா வழியிலும் பத்திரமானது. எதுவும் சுழலாது, சூடாகாது, தேயாது. கேரவன் தன் போக்கில் போகலாம், ரிவர்ஸ் எடுக்கலாம், டீ குடிக்க நிற்கலாம்.

இதைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை ஒன்று உண்டு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காலாவதியாகி நிற்கும் ஜீப்பை ரோட்டில் ஓட்டவே கூடாது. மலைக்குப் போனாலும் அது ஓட முடியாது என்பதால், சுற்றுலாவுக்கு முன்னால் எஃப்.சி.யை முடிப்பதுதான் வேலை. அந்த எஃப்.சி.க்காகப் பட்டறைக்குக் கொண்டுபோகவும் இதே ரெக்கவரி வண்டிதான் துணை.

செலவு? ஓட்டுநர்கள் போக மட்டும் கணக்குப் போட மாட்டார்கள், காலி வண்டியாகத் திரும்பி வருவதையும் சேர்த்துக் கேட்பார்கள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்பவும் ஏற்றி வர வேண்டும் என்றால் அந்தக் கணக்கு இரட்டிக்கும். பேசும்போதே வெயிட்டிங், டோல், ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் அடக்கமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பெல்ட்டைப் பாடியிலோ பம்பரிலோ போட விடாதீர்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டி மேடையில் குதிக்கும்போது பாடி மேலும் கீழும் ஆடும், பெல்ட் தளர்ந்துவிடும். அச்சிலோ சக்கரத்திலோதான் கட்ட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெக்ஸின் கூரை போட்ட ஜீப் என்றால் கூரையைக் கழற்றி உள்ளே சுருட்டி வைப்பது மேல், மேடை உயரத்தில் அடிக்கும் காற்று அதைக் கிழித்துவிடும். பானெட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பாருங்கள்.

ஓட்டியே போவது

எனக்குப் பிடித்த வழி இதுதான். பழைய ஜீப்புக்கு ஓட்டம்தான் உயிர். வீட்டு வாசலில் நின்றே வீணானவை, ஓடித் தேய்ந்தவற்றை விட அதிகம்.

கணக்கையும் பாருங்கள். போக வர 450 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம், 45 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் 4,050 ரூபாய். கடலூரை ஒட்டிய முள்ளோடை எல்லையில், புதுச்சேரி பங்க்கில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அதிலும் கொஞ்சம் மிச்சம். கட்டி இழுத்தால் இந்த டீசல் முழுசாக மிச்சமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், இழுக்கும் கேரவன் அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

ஆனால் எம்.எம். 540-ஐ ஹைவே கார் போல நினைத்து ஓட்டக் கூடாது. 2,112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின், நாலே கியர். 60-ஐத் தாண்டி மிதித்தால் எஞ்சின் அலறும், ஸ்டியரிங் அலையும். அதனால் ஜீப் முன்னால் போகட்டும், கேரவன் பின்னால் வரட்டும். வேகத்தை ஜீப் தீர்மானிக்கும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு ஜீப்பின் புகை நிறம், சொட்டும் எண்ணெய், ஆடும் சக்கரம் எல்லாம் படும். விடிகாலையில் கிளம்பி, விருத்தாசலத்தில் டிபன், வெயில் ஏறுவதற்குள் கள்ளக்குறிச்சி என்று போனால் எஞ்சினுக்கும் நல்லது, ஓட்டுகிறவருக்கும் நல்லது. பெரியவர்களும் பிள்ளைகளும் கேரவனில் வரட்டும்.

இதற்குத் தேவை, ஜீப் ஓட்டத் தெரிந்த, பொறுமையுள்ள இரண்டாவது ஆள். மாமாவோ தம்பியோ அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் விஷயம் முடிந்தது. அவர் இல்லாவிட்டால் இந்த வழியும் இல்லை. ஒரே ஆள் இரண்டு வண்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பலர் கொக்கியை நோக்கிப் போகிறார்கள். அந்த நெருக்கடிக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்வது போதும்.

அங்கேயே வாடகைக்கு எடுப்பது

ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம், சொந்த ஜீப்பை ஓட்டும் ஆசை முக்கியமில்லை என்றால் மலையில் உள்ளூர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறு பக்கத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்களில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சொந்த ஜீப்பை ஆசை ஆசையாகப் பூட்டி வைத்திருக்கிறவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அந்த ஆசையும் நியாயமானதுதான்.

இழுத்தே ஆக வேண்டிய அன்று

நன்றாக ஓடிய ஜீப் சின்னசேலம் அருகே நின்றுவிட்டது, ரெக்கவரி வண்டி வர நேரமாகும், பட்டறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது கட்டி இழுப்பது சரி, சட்டமும் இடம் கொடுக்கிறது. கயிற்றைவிட இரும்பு பார் நல்லது, கயிறு தொய்ந்து வெடுக்கென்று இழுக்கும்போது பழைய கொக்கி பிடுங்கிக்கொள்ளும். கொக்கியைப் பம்பரில் மாட்டாமல் சேசிஸில் மாட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போடுங்கள், ஹப்பை 'ஃப்ரீ'க்குத் திருப்புங்கள். ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பி லாக்கை எடுத்த பிறகே நகர்த்த வேண்டும், பாதி வளைவில் லாக் விழுந்தால் அவ்வளவுதான்.

ஜீப்பில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்காரட்டும். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வாக்குவம் இருக்காது, பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியிருக்கும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே பதறிவிடுவார். பின்னால் இழுவை வண்டி என்று பெரிய எழுத்தில் அட்டை, எரியும் ஹசார்ட் விளக்கு, இரண்டு ஓட்டுநரும் லைனில் இருக்கும் போன். வேகமுள்ளை 20-க்கு மேல் போக விடாதீர்கள். முதல் ஒரு கிலோமீட்டரில் ஓரங்கட்டி, புறங்கையை ஒவ்வொரு ஹப் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறது என்றால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. பட்டறை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் அதற்கு மேல் இழுக்காமல், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.